முட்டை ஆகாத குழந்தைக்குத் தடுப்பூசி ஆகுமா?

புதன்கிழமை காலை, துணை சுகாதார நிலையத் திண்ணை. ஒன்பது மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி தாய் தயங்குகிறார்: “சிஸ்டர், முட்டை ஊட்டினா இவனுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போகுது. அம்மை ஊசியும் முட்டையிலதான் செய்யறாங்களாமே?”

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காதில் விழக்கூடிய கேள்விதான். அதில் பாதி உண்மையும் உண்டு. பல தட்டம்மைத் தடுப்பூசிகளில் கிருமியைக் கோழிக் கருவின் உயிரணுக்களில் வளர்க்கிறார்கள். ஆனால் ஊசி மருந்தில் மிஞ்சும் முட்டைப் புரதம் ஒவ்வாமையைக் கிளப்பப் போதாது. 1995இல் அமெரிக்க மருத்துவர்கள், முட்டை ஒவ்வாமை உறுதியான 54 குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பெரிய பாதிப்பில்லை. புனே சீரம் நிறுவனத்தின் எம்.ஆர். (தட்டம்மை–ரூபெல்லா) ஊசியிலோ தட்டம்மைக் கிருமி வளர்வது மனித உயிரணுக்களில். அங்கே கோழிக்கு வேலையே இல்லை.

ஃப்ளூ ஊசிகள் பலவும் முட்டைக்குள்ளேயே தயாராகின்றன. ஆனாலும் முட்டை ஒவ்வாமைக்கென்று தனி முன்னெச்சரிக்கை எதுவும் வேண்டாம் என்று 2023இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்துவிட்டது.

உண்மையில் யோசிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குத்தான். ஆப்பிரிக்கா செல்பவர்கள் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளும் இந்த ஊசியில் முட்டைப் புரதம் கூடுதல். முட்டை ஆகாதவர்கள் முதலில் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முட்டையின் மேல் விழுந்த பழிக்கு உண்மையான சொந்தக்காரர் பல நேரம் ஜெலட்டின். மருந்து கெடாமலிருக்கச் சில ஊசிகளில் இதைச் சேர்க்கிறார்கள். 1993இல் பதிவான சம்பவம் இது: எம்.எம்.ஆர். (தட்டம்மை–பொன்னுக்குவீங்கி–ரூபெல்லா) ஊசி போட்டதும் மூச்சுத் திணறிய 17 வயது அமெரிக்கப் பெண், ஜெலட்டினில் செய்யும் ஜெல்லி தின்றாலும் தனக்கு இப்படித்தான் ஆகும் என்றார். சோதித்தபோது ஜெலட்டின் ஒவ்வாமை தெரியவந்தது. ஜப்பானிலும் இதே சிக்கல் வர, அங்கே ஊசிகளிலிருந்து ஜெலட்டினை நீக்கினார்கள்.

நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அதனால் எந்த ஊசியையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. தடுப்பூசிகளால் கடுமையான ஒவ்வாமை பொதுவாகப் பத்து லட்சம் டோஸ்களில் ஏறத்தாழ ஒருமுறைதான் வரும். அதுவும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று செவிலியர் சொல்வது இதற்காகத்தான். தொடையில் போட அட்ரினலின் ஊசியும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

முந்தைய தவணையிலேயே மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்திருந்தாலோ, ஜெலட்டின் ஆகாது என்று தெரிந்தாலோ ஊசிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, எதைத் தின்றபோது என்ன ஆனது என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு, ஊசியைக் குறித்த நாளில் போட்டுவிடுங்கள்.