மன்னர்கள் மாறினர் — மதுரை நின்றது!

வடமதுரையிலே பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, கண்ணிலே தூக்கமும் தலையிலே பஞ்சுத் துகளுமாக, திண்டுக்கல் வழியே மதுரைக்குப் பஸ் ஏறுகிறான் ஒரு தோழன். போகிற வேலை எதுவாகவும் இருக்கட்டும். மதுரையில் இறங்கி அவன் நடக்கிற தெரு வெளி வீதி. எதற்கு வெளியே? யார் வைத்த பெயர்? கேட்டிருப்பானா? கேட்க வேண்டும், தோழர்களே! நம் ஊர்ப் பெயரிலேயே பாதியாக ஒட்டிக்கொண்டிருக்கிற தலைநகரின் கதையை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சீன நாட்டிலே சாங்கான் என்றொரு பழம்பெரும் தலைநகர் இருந்தது. இன்று அதன் பெயர் சியான். ஹான் மரபு ஆண்டது, சூயி மரபு ஆண்டது, தாங் மரபு ஆண்டது. 904 ஆம் ஆண்டில் படைத்தலைவன் ஒருவன் அந்த நகரத்து மாளிகைகளைப் பிரித்து, மரங்களை ஆற்றிலே மிதக்கவிட்டு லோயாங் நகருக்குக் கொண்டுபோனான். அதன் பிறகு சாங்கான் பேரரசின் தலைநகராகவே இல்லை. அந்த மண்ணுக்கடியில் கிடந்த சுடுமண் படையை 1974 இல் உலகுக்குக் காட்டியது யார்? மன்னனா? மந்திரியா? இல்லை! தண்ணீருக்காகக் கிணறு வெட்டிய உழவர்கள்!

அதே கதைதான் நம் மதுரையிலும். வந்தவர் பட்டியலைப் பாருங்கள். சங்ககாலப் பாண்டியர், களப்பிரர், ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே கடுங்கோன் மீட்ட பாண்டிய ஆட்சி, பத்தாம் நூற்றாண்டில் 'மதுரை கொண்ட' என்று பட்டம் சூடிக்கொண்ட சோழன் முதலாம் பராந்தகன்.

1205 வாக்கிலே மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரைக்குள் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். 1216 இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன், பழிக்குப் பழியாகத் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். இடித்தவனும் தமிழன், எரித்தவனும் தமிழன்! இடிந்த மண்டபத்திலும் எரிந்த தெருவிலும் அழிந்தது எவன் உழைப்பு? அதை எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லவில்லை.

உட்பகை வளர்ந்த வீட்டிலே வெளிப்பகை நுழையும் என்பதற்கும் மதுரையே சான்று. அரியணைக்காக வீரபாண்டியனும் சுந்தரபாண்டியனும் மோதிக்கொண்டிருந்த வேளையிலே, 1311 இல் டில்லித் தளபதி மாலிக் காபூர் வந்தான், வாரிக்கொண்டு போனான். 1335 முதல் நாற்பதாண்டுக்கு மேல் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. பிறகு விசயநகரத்துக் குமார கம்பணன். பதினாறாம் நூற்றாண்டிலே விசுவநாத நாயக்கர்.

திருச்சியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றினார் 1623 இல் ஆட்சிக்கு வந்த திருமலை நாயக்கர். மகாலைக் கட்டினார். அவருடைய பேரன் சொக்கநாதரோ தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்குக் கொண்டுபோனார். பாட்டன் கட்டிய மகாலின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துப் போனார்! சீனத்திலே மரம் ஆற்றில் மிதந்தது. இங்கே மதுரைக்கும் திருச்சிக்கும் இடையிலே கிடப்பது நம் திண்டுக்கல் சமவெளி. மன்னன் மனம் மாறினால் ஆணை பறக்கும். ஆனால் தூணும் துலாமும் பறக்குமா? தூக்கிச் சுமந்த தோள்கள் எத்தனை ஆயிரம்!

அப்புறம் சந்தா சாகிபு, ஆற்காட்டு நவாபு, கும்பினி. கும்பினிக்காகவே வாளெடுத்து, பிறகு அதே கும்பினியை எதிர்த்து மதுரைக் கோட்டையிலே நின்ற யூசுப்கான் — மருதநாயகம் — உடனிருந்தவர்களால் காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டான். 1801 இல் ஆட்சி முழுவதும் வெள்ளையன் கைக்குப் போயிற்று.

இப்போது வெளி வீதிக்கு வருவோம். 1840 களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்க முடிவு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடத்திலே மனை என்று அறிவித்தார். மக்கள் கூடினர், மதில் வீழ்ந்தது, அகழி தூர்ந்தது, வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையை மேற்பார்த்தவர் பெயரால் இன்றும் ஒரு தெரு இருக்கிறது — பெருமாள் மேஸ்திரி வீதி! இத்தனை மரபுகள், இத்தனை பட்டங்கள், இத்தனை படையெடுப்புகள். அவற்றுக்கு நடுவிலே ஒரே ஒரு மேஸ்திரியின் பெயர் தப்பிப் பிழைத்தது. அவருக்குக் கீழே மண் சுமந்தவன் பெயர்? இல்லை!

பெயர் மட்டுமா இல்லை? இடமும் இல்லை. கோபுரத்துக்குக் கல் சுமந்தவன் வழிவந்தவனைக் கோயிலுக்குள்ளே விடவில்லை. 1939 சூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல, கக்கன் முதலானோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஈராயிரம் ஆண்டுத் தலைநகரம் தன் சொந்த மக்களுக்குக் கதவு திறந்து இன்னும் நூறாண்டு ஆகவில்லை. பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

உழைப்பவன் பெயர் எங்குமே இல்லையா? இருக்கிறது! மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையிலே, கீழடியிலே இருக்கிறது. 2015 இல் தொடங்கிய அகழாய்விலே செங்கல் கட்டடம் வந்தது, உறைகிணறு வந்தது, நூல் நூற்ற தக்களி வந்தது. பானை ஓட்டிலே தமிழி எழுத்திலே ஆதன், குவிரன் என்று பெயர்கள் வந்தன. மன்னன் கல்லிலே வெட்டிய பட்டமல்ல அவை. வீட்டுப் பானையிலே கீறிய பெயர்கள். கரிமப் பகுப்பாய்வு ஒரு மாதிரியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று காட்டியது. 2019 இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. பஞ்சாலைத் தோழனே, உன் கையிலே ஓடும் நூலுக்கு முன்னோடியான தக்களி அந்த மண்ணிலே கிடந்தது!

இதிலேதான் இன்றைய வழக்கும் இருக்கிறது. முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருட்டினன் 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் மத்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். அதைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதத்தில் துறை திருப்பி அனுப்பியது. சான்றுகளின்படியே எழுதினேன், மாற்ற மாட்டேன் என்றார் அவர். அடுத்த மாதமே இடமாற்றம்! ஐயம் இருந்தால் அறிஞர் கூடி வாதிடட்டும், மேலும் தோண்டட்டும், அறிக்கையை அச்சிட்டு உலகத்தின் முன் வைக்கட்டும். அதை விட்டு, ஏட்டை மூடி வைப்பானேன்?

மன்னர்களின் மதுரையை மாற்றி மாற்றி எழுதியாகிவிட்டது. மக்களின் மதுரை இப்போதுதான் மண்ணைவிட்டு எழுகிறது. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது, மகாலைப் பார்த்துவிட்டு, அப்படியே கீழடிக்கும் போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஆதன் என்ற பெயரைக் காட்டுங்கள். இவன் மன்னனா என்று பிள்ளை கேட்பான். நம்மைப் போல் ஒருவனாக இருந்திருப்பான், எழுதப் படித்தவன் என்று சொல்லுங்கள்!