பிகாச்சுவுக்கு ரோமம் முளைத்த கதை

கேரள எல்லைப்புறத்து ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் இரண்டு மொழியில் கிடைக்கும். சுட்டி டிவியில் தமிழ், கொச்சு டிவியில் மலையாளம். டோராவும் அவளுடைய குரங்கு புஜ்ஜியும் இரண்டிலும் வந்தார்கள். குரல்தான் வேறு, குரங்கு அதே சிவப்புப் பூட்ஸ் போட்ட குரங்கு. அந்தக் குரங்குக்கு 2019 ஆகஸ்டில் வெளிவந்த ஹாலிவுட் படத்தில் நிஜமான ரோமமும் ஈரமான கண்ணும் வந்தன. அதே ஆண்டு மே மாதம் ஜப்பானின் மஞ்சள் பிராணியான பிகாச்சு, துப்பறியும் தொப்பியோடு 'டிடெக்டிவ் பிகாச்சு' படத்தில் இறங்கியிருந்தது. வெறும் கோடும் வண்ணமுமாக இருந்த ஒன்று, நிஜ நடிகரின் தோளில் ஏறி உட்காரும் இந்த வித்தை எப்படி நடக்கிறது?

பிகாச்சு இடம்பெறும் போக்கிமான் 1996-ல் வீடியோ கேமாகப் பிறந்தது. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி, சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பிகாச்சுவை வரைந்தவர் அட்சுகோ நிஷிடா. மறு ஆண்டே தொலைக்காட்சித் தொடர் வந்தது. ஆக, இயக்குநர் ராப் லெட்டர்மேன் படமெடுக்கப் போனபோது, பிகாச்சுவை இருபது வருடமாகப் பார்த்துப் பழகிய கோடிக்கணக்கான பேர் தியேட்டர் வாசலில் நின்றிருந்தார்கள். அதன் கன்னத்துச் சிவப்பு வட்டம் ஒரு சுற்று பெரிதானாலும் கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள்.

ஆர்.ஜே. பால்மர் என்ற ஓவியர், யாரும் கேட்காமலே, போக்கிமான் பிராணிகள் நிஜ விலங்குகளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார். படக்குழு அவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு அமர்த்தியது. அவருடைய வழிதான் படத்தின் வழியும் ஆயிற்று: உடம்பை விலங்கிடமிருந்து எடு, முகத்தைக் கார்ட்டூனிடமிருந்தே எடு. பிகாச்சுவுக்கு ரோமம், சாரிசார்டுக்குச் செதில். ஆனால் பெரிய வட்டக் கண்ணிலும் துளி மூக்கிலும் யாரும் கைவைக்கவில்லை.

ரோமம் என்றால் ஏதோ பெரிய மர்மம் என்று நினைக்கிறோம். அது உழைப்பும் கணினி நேரமும் தின்கிற வேலை, அவ்வளவுதான். உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு 'ரிக்' இருக்கும். அதன்மேல் தசை, தோல், அப்புறம் ரோமம். சில நூறு வழிகாட்டி மயிர்களைக் கையால் சீவிவிட்டால், இடையில் வரும் லட்சக்கணக்கானவற்றைக் கணினி நிரப்பிக்கொள்ளும். இதைவிடச் சிரமம் எடை. பிகாச்சுவின் அதிகாரபூர்வ அளவு 40 சென்டிமீட்டர் உயரம், 6 கிலோ. ஆறு கிலோ தோளில் ஏறினால் சட்டை இழுபட வேண்டும், ஆள் ஒரு பக்கம் சாய வேண்டும். சட்டை அசையாமல் கிடந்தால், ரோமம் எத்தனை அழகாக இருந்தாலும் பார்க்கிறவன் மனம் ஒட்டாது.

முகம் தனிப் பாடம். அதைக் கற்றுக்கொள்ள ஹாலிவுட்டுக்குப் போக வேண்டாம், ராஜமௌலியின் 'நான் ஈ' போதும். 2012-ல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த படம். கிராஃபிக்ஸ் செய்தது ஹைதராபாத்தின் மகுடா நிறுவனம். நிஜ ஈயை நெருக்கமாகப் படம் பிடிக்க, அதைப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மயங்க வைத்தார்கள். கிடைத்த முகத்தில் பெரும்பகுதி கண், புருவமில்லை, இமையில்லை. வாய் வைத்துப் பார்த்தால் விகாரம். முதலில் செய்து வந்த அனிமேஷன் ராஜமௌலிக்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் முகத்தை விட்டுவிட்டு, கால், கை, தலைச் சாய்வு ஆகியவற்றால் நடிக்க வைத்தார்கள். பிக்ஸாரின் மேசை விளக்கு முகமே இல்லாமல் குழந்தை மாதிரி குதித்ததே, அதுதான் முன்மாதிரி. அந்த ஈ பழிவாங்கத் துடித்ததை நாமெல்லாம் நம்பினோம். சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் கிடைத்தது. பிகாச்சுவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதற்குப் பேச வாயும், குரல் கொடுத்த நடிகர் ரயன் ரெனால்ட்ஸின் முகபாவங்களும் இருந்தன.

இனிப் படப்பிடிப்புத் தளம். உண்மையான சூட்சுமம் இங்கேதான் என்பது என் கட்சி. பிராணி இல்லாத இடத்தைப் பார்த்து நடிகர் பேச வேண்டும். பார்வை நான்கு விரல் மேலே போனால், பிகாச்சுவின் நெற்றியைப் பார்த்துப் பேசுவதாகிவிடும். அதனால் ஒத்திகையில் பொம்மையோ குச்சியில் செருகிய பந்தோ வைப்பார்கள். ஷாட் முடிந்ததும் கண்ணாடி போல மினுங்கும் உருண்டை ஒன்றையும் சாம்பல் நிற உருண்டை ஒன்றையும் கேமரா முன் பிடிப்பார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை விளக்கு, நிழல் எவ்வளவு கறுப்பு என்பதெல்லாம் அந்த உருண்டைகளில் பதிந்துவிடும். மாதக்கணக்கு கழித்து வேறு தேசத்தில் உட்கார்ந்து பிராணிக்கு வெளிச்சம் போடுகிறவருக்கு அதுவே சாட்சி. நம்மூர் 'அயலான்' (2024) படத்தில் இப்படி 4,500-க்கும் மேற்பட்ட ஷாட்கள். சென்னையின் ஃபாண்டம் எஃப்எக்ஸ் செய்தது. சித்தார்த் குரல் கொடுத்த அதன் வேற்றுக்கிரகவாசியோடு சிவகார்த்திகேயன் நட்பாகப் பேசியாக வேண்டியிருந்தது.

கார்ட்டூன் பிராணியை எதற்குத் துப்பறியும் கதையில் போட வேண்டும்? கதையம்சம் தவிர ஒரு கைத்தொழில் லாபமும் இருக்கிறது. மர்மக் கதைக்கு இரவு வேண்டும், மழை ஈரம் வேண்டும், புகை வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்க இவற்றைப்போல வசதி வேறில்லை. ஒளிப்பதிவாளர் ஜான் மேத்தீசன் 'டிடெக்டிவ் பிகாச்சு' படத்தை டிஜிட்டலில் இல்லாமல் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்; ஃபிலிமின் பொரிப்பொரியான தன்மை நடிகரையும் பிராணியையும் ஒரே தோலுக்குள் கொண்டுவந்தது. விசாரணை என்று வந்துவிட்டால் ஒவ்வொரு பிராணியையும் சாட்சியாகக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தலாம். வாய் பேசாத மிஸ்டர் மைமை ஊமைச் சைகையிலேயே விசாரிக்கும் காட்சி படத்தின் உச்சம். துப்பைத் தேடுகிற கண் ரோமத்தைச் சோதிக்காது.

சோனிக் பட்ட பாடு இதற்கு நேரெதிர். 2019 ஏப்ரல் 30-ல் வந்த டிரெய்லரில் அந்த நீல முள்ளெலிக்குச் சின்னக் கண்ணும் மனிதப் பல்வரிசையும் வைத்திருந்தார்கள். ஊரே சிரித்தது. இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் உருவத்தை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது, வந்து ஜெயித்தது. திருத்தி வரைந்த எம்பிசி நிறுவனத்தின் வான்கூவர் கூடம் மட்டும், படம் வெளியாகும் முன்பே, 2019 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் தாய் நிறுவனமான டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் நொடித்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

டோரா படம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. புஜ்ஜி பெரும்பாலும் சாதாரணக் குரங்காகவே திரியும். முகமூடி போட்ட குள்ளநரியோ பேசும். அது எப்படிப் பேசுகிறது என்று படம் விளக்கம் சொல்லாது. நடுவில் ஒரு பூக்காட்டு மயக்கத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் கார்ட்டூனாகவே மாறிவிடுவார்கள். ரசிகர்கள் கேட்பதற்கு முன்னாலேயே பழைய கார்ட்டூன் உருவத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

நம்மிடமும் தொடரிலிருந்து நிஜப் படமான உதாரணம் உண்டு: ராஜீவ் சிலகாவின் 'சோட்டா பீம்', 2008 முதல் போகோவில் ஓடி, 2024 மே 31-ல் நிஜ நடிகர்களோடு வந்தது. லட்டு தின்கிற அந்த வட்ட முகத்தை எந்தச் சிறுவனின் முகமும் ஈடுகட்ட முடியவில்லை. படம் எடுபடவில்லை.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் தூரதேசத்துச் சமாசாரம் அல்ல. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999 முதல் டூன்ஸ் நிறுவனம் இருக்கிறது. கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த தெனாலிராமன் தொடர் அங்கே பிறந்தது. 'கோச்சடையான்' படத்துக்காகத் தன் அசைவுகளைப் பதிவுசெய்ய ரஜினிகாந்த் திருவனந்தபுரத்துக்கும் வந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன் படிக்கக் கிளம்புகிறவர்கள், மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி, வீட்டு முற்றத்து ஆடு எழுந்திருக்கும்போது முதலில் எந்தக் காலை ஊன்றுகிறது என்று பார்த்து வரையுங்கள். நிறுவனங்கள் கேட்கிற மாதிரிப் படைப்புகளில் அந்தப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.