மணமில்லாத நஞ்சு

2018 மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, எரியும் வீட்டுக்குள் சிக்கிய இளைஞர் ஒருவர் புகையில் மூச்சுத்திணறி இறந்தார். அந்த வீதியால் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

வீட்டுத் தீயின் புகையில் உயிர் குடிக்கும் முக்கிய வாயு காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவுடன் பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் உடலுக்கு ஒட்சிசன் போய்ச் சேராது.

அதற்குப் பெருந்தீ தேவையில்லை. காற்றுப் போதாமல் எரியும் எதுவும் போதும். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் வீட்டுக்குள்ளும் கரி அடுப்பு வந்தது. மழைக்கு யன்னலைச் சாத்தினோம். சற்று நேரத்தில் மூவருக்கும் தலையிடி. முற்றத்துக்கு வந்ததும் குறைந்தது. அதுதான் அடையாளம்: வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வெளியே போனால் தணியும்.

கரி அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள். குளிருக்காகத் தணலை வைத்துக்கொண்டு உறங்கவே வேண்டாம். மின்பிறப்பாக்கி வீட்டுக்கு வெளியே, யன்னல்களிலிருந்து 6 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். விறகடுப்பின் புகைபோக்கி அடைபடாமல் பாருங்கள். சந்தேகம் வந்தால் முதலில் எல்லோரும் வெளியேறுங்கள். பிறகு 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.