தெளிந்த நீரும் தூய நீரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டியும் அதில் நீந்தும் பொன்மீன்களும் இருக்கக் காண்கிறோம். உழைத்துக் களைத்து வருபவருக்கு அக்காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சி. குழந்தைகளுக்கோ ஓயாத வேடிக்கை. ஆயினும் சில திங்கள் சென்றபின் மீன்கள் சோர்ந்து, இரையை மறுக்கின்றன. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்கிறது. "நீர் தெளிவாகத்தானே இருக்கிறது, பின் கேடு எங்கிருந்து வந்தது?" என்று திகைக்கிறோம். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே அதற்கு விடை.

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. உண்ணாது எஞ்சிய இரை அழுகுவதாலும் அது உண்டாகிறது. மீனுக்கு அது கொடிய நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்களின் செயலை ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து விளக்கினார். நைட்ரேட்டு முன்னைய இரண்டினைப் போல் கொடியதன்று. ஆனால் நிறமும் மணமும் இல்லாத அப்பொருள், வெளியேற வழியின்றி நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள், இயன்றால் 20-க்குள், அதனை வைத்திருப்பது நலம்.

சாதாரண வடிகட்டி நைட்ரேட்டை நீக்காது. நீரை மாற்றுவதே உரிய வழி. திருமலையில் சுவாமி புஷ்கரிணியைப் பிரம்மோற்சவத்துக்கு முன்பு ஏறத்தாழ ஒரு திங்கள் மூடிவைத்து, நீரை இறைத்துத் தூய்மை செய்து, மீண்டும் நிரப்புவதை நாம் அறிவோம். தேங்கிய நீருக்கு அதுவே நெறி. ஆனால் வீட்டுத் தொட்டியில் நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால், அத்திடீர் மாறுதலை மீன்கள் தாங்கமாட்டா. வாரந்தோறும் கால் பங்கு மாற்றுவதே ஏற்றது. லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரேட்டு உள்ள தொட்டியில், நைட்ரேட்டு அற்ற நீரைக் கால் பங்கு ஊற்றினால் அது 60 ஆகும். அடுத்த முறை 45. அதற்கடுத்து ஏறக்குறைய 34. இடையில் சேர்வதையும் கருதினால் இன்னும் சில வாரம் பிடிக்கும்.

நகராட்சிக் குழாய் நீராயின், குளோரின் நீங்கும்படி அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றவேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவலாகாது; நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்துபோம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. இரண்டு நிமிடத்தில் உண்டு தீருமளவே இரை இடுக. சிறு தொட்டியில் மீன்களை நெருக்கி விடாதிருப்பதும் வேண்டும். மணிபிளாண்ட் கொடியின் வேரை நீரில் மூழ்கவிட்டால், அது நைட்ரேட்டை உணவாகக் கொண்டு தழைக்கும். கழித்த நீரையும் வீணாக்க வேண்டுவதில்லை. மல்லிகைச் செடிக்கு அது நல்ல உரம்.

இவ்வளவு செய்தும் அளவு குறையாவிடில், ஊற்றும் நீரையே ஐயுறவேண்டும். இப்பகுதி பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வீடுகள் பல. வயலில் இட்ட உரமும், சாணக்குழி, கழிவுநீர்க் குழி ஆகியவற்றின் கசிவும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. கிணற்று நீரிலேயே 40 மில்லிகிராம் இருக்குமாயின், எத்தனை முறை மாற்றினும் தொட்டியின் அளவு அதற்குக் கீழே இறங்காது.

இங்கேதான் மீனினும் பெரிய பொருள் ஒன்று நம் கவனத்துக்கு வருகிறது. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைக்கு, மிகுந்த நைட்ரேட்டு உள்ள நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாய்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். கிணற்று நீரால் இந்நோய் வருவதை அமெரிக்க மருத்துவர் கோம்லி 1945-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். காய்ச்சுவதால் நைட்ரேட்டு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். எதிர்ச் சவ்வூடு முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி அதனைப் பெரிதும் குறைக்கும்.

ஆகவே, மீன் விற்கும் கடைகளில் கிடைக்கும் நைட்ரேட்டுச் சோதனைப் பொருளை வாங்கினால், தொட்டி நீரை மட்டுமன்றிக் கிணற்று நீரையும் சோதித்துப் பார்ப்போம். அளவு மிகுந்து காணின், குடிநீர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்வோம். அதுவரை கைக்குழந்தைக்கு வேறு நல்ல நீரைத் தேடிக் கொடுப்பதே அறிவுடைமை.