பெயர்ப்பலகையிலிருந்து நீங்கிய ‘ஸ்லம்’

2021 ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பின் 1,920 வீடுகளைப் பற்றித் தமிழகமே பேசியது. கை பட்டாலே சுவரின் பூச்சு உதிர்ந்தது. அடுத்த மாதமே, அவற்றைக் கட்டிய வாரியத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து ‘ஸ்லம்’ என்ற சொல் நீக்கப்படும் என அறிவிப்பு வந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல் இலண்டன் திருடர்களின் குழூஉக்குறி. பொருள் ‘அறை’ என்பதே. வேர் எதுவென இன்றும் உறுதியில்லை. 1850இல் கர்தினால் வைஸ்மன் வெஸ்ட்மின்ஸ்டரின் நெரிசலான சந்துகளைக் குறிக்க எடுத்தாண்டபின், செய்தித்தாள்கள் வழியே பரவி இழிசொல்லானது.

1970இல் இங்கு உருவான வாரியத்திற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு’ என்று பெயர். தமிழில் ‘குடிசை மாற்று வாரியம்’. தமிழ்ப்பெயர் கூரையை மாற்றச் சொன்னது. ஆங்கிலப்பெயர் குடியிருப்பையே அகற்றச் சொன்னது. நடந்தது பெரும்பாலும் எது என்பதைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டவர்கள் அறிவார்கள்.

‘ஸ்லம்’ என்பதைச் ‘சேரி’ என மொழிபெயர்ப்பதும் பிழையே. சேரி என்பது சேர்ந்து வாழும் இடம். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு. யாரை எங்கே ஒதுக்கினார்கள் என்பதை அவை மறைக்கவில்லை. ‘ஸ்லம்’ மறைக்கிறது: அதில் வறுமை தெரியும், சாக்கடை தெரியும், சாதி தெரியாது. 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் எரிந்தவை ஆதிதிராவிடர் குடிசைகள். அதை ‘ஸ்லம்’ தீ என்று எழுதினால் வரலாறே மாறிவிடும்.

ஆயினும் சட்டத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பயன் உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி ‘ஸ்லம்’ என அறிவிக்கப்பட்ட பகுதியில், உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி வாடகைதாரரை வெளியேற்ற வழக்குத் தொடர 29ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் அறிவிக்கையே இல்லை. பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கோப்புகளில் கிடைக்கும் பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’.

வாரியம் பெயரை மாற்றிக்கொண்டது நல்லதே. அதனால் அப்பட்டியலில் ஒரு தெருவும் கூடிவிடவில்லை. எனவே வெளியேற்ற அறிவிப்பு வந்தால், தங்கள் தெரு எந்த ஆண்டு அரசிதழில் ஏறியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உடனே எழுதிக் கேளுங்கள். 30 நாள்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.