அத்தையின் அசதியும் பி12ம்

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு 63 வயது. முன்பெல்லாம் தாயார் சன்னதி வரை போய்விட்டு வந்த கையோடு அடுப்படிக்குப் போய்விடுவார். இரண்டு வருஷமாக, வந்ததும் கூடத்தில் படுத்துவிடுகிறார். கேட்டால், "ஒண்ணுமில்லடா, ஆயாசமா இருக்கு, அவ்வளவுதான்."

இரண்டு டாக்டர்கள் பார்த்தாயிற்று. சர்க்கரை கட்டுக்குள், தைராய்டு சரி, ஹீமோகுளோபின் 11.4. "வயசாச்சு இல்லையா" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக தில்லைநகரில் பார்த்தவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, தினம் என்னென்ன மாத்திரை போடறீங்க? என்ன சாப்பிடறீங்க?" என்று ஆரம்பித்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ஒன்பது வருஷமாக. நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல், எப்போது ஆரம்பித்தது என்று அத்தைக்கே ஞாபகமில்லை. சுத்த சைவம். பால் காபியில் மட்டும், மோரும் நீர்மோர்தான். விரல் முட்டிகளைப் பார்த்தார், கறுத்திருந்தன. டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி கால் கட்டைவிரலில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை. பி12 பார்க்கச் சொன்னார். 118 வந்தது. பொதுவாக 200க்குக் கீழே என்றால் குறைபாடு.

நான் அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பி12ஐ எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாக்கள் மட்டுமே. நமக்கு அது மாமிசம், மீன், முட்டை, பால் வழியாக வருகிறது. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் சில மில்லிகிராம் சேமிப்பு இருப்பதால் வரவு நின்றாலும் வருஷக்கணக்கில் ஓடும். ஆகவே காரணத்தையும் அசதியையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பான்டோப்ரசோல் அதைக் குறைக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. வரவே கொஞ்சம், அதிலும் இரண்டு இடத்தில் வெட்டு.

விரல் முட்டியைப் பார்த்தது ஏன் என்று தேடினால், பதில் வேலூரில் இருக்கிறது. 1962ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் சிரிப்பில்லாமல், துவண்டு, தோல் கறுத்து வந்தன. தாய்மார்களுக்கே பி12 குறைவு. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. அடுத்த வருஷம் அங்கிருந்தே, தோல் கறுப்பது பி12 குறைபாட்டின் அடையாளம் என்று இன்னொரு கட்டுரை. அறுபது வருஷம் கழித்து அது தில்லைநகரில் என் அத்தைக்கு உதவியிருக்கிறது!

முதல் ரிப்போர்ட்டில் ஏன் தெரியவில்லை? பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெரிதாகும், இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு (எம்.சி.வி.) நார்மலாகவே வரும். அத்தைக்கு 88. இதே தாளில் ஆர்.டி.டபிள்யூ. என்று ஒரு எண் உண்டு, அணுக்களின் அளவு எவ்வளவு ஏறுக்குமாறாக இருக்கிறது என்பது. அது அதிகமாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

இன்னொன்று. அசதி என்றவுடன் நாமே பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் ரத்தம் கொடுத்தால், எண் ஏறியிருக்கும், காரணம் மறைந்துவிடும். ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிடுவது அதைவிட மோசம்: ரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். 200க்கும் 300க்கும் நடுவே வந்தால் ஹோமோசிஸ்டீன் பார்ப்பார்கள். மெட்ஃபார்மினை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஊசி போட்டு நாலு மாதம் ஆகிறது. அத்தை மறுபடி தாயார் சன்னதி வரை நடக்கிறார், திரும்பி வந்து காபி போடுகிறார். பாதத்தில் மதமதப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது முழுசாகப் போகுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.