நடு ஆட்டத்தில் அணைகிற கணினி

வீட்டுக்குள் மின்சாரம் – 17

கணினி அப்படியே உறைந்து நிற்பது வேறு. நீலத்திரை காட்டிவிட்டுத் தானே மறுபடி எழுவது வேறு. விசிறிச் சத்தம் உட்பட எல்லாம் ஒரே கணத்தில் அடங்கி, சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கியதுபோல் போய்விடுவது வேறு. சர்வீஸ் கடையில் மூன்றையும் ‘சிஸ்டம் ஆஃப் ஆயிடுது’ என்று ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். தேடல் அங்கேயே தடம் மாறிவிடுகிறது.

முதல் இரண்டில் டிரைவர், ரேம், பிராசசர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களில் விளையாட்டுகள் பாதியில் முறிந்துவிழுந்தது உலகளவில் பெரிய புகாராகி, 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனம் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. வாரன்டியையும் 2 ஆண்டுகள் நீட்டியது. அது முதல் இரண்டு வகையில் சேரும். மூன்றாவது வகையில் மின்சாரமே நிறுத்தப்படுகிறது. அப்படி நிறுத்தக்கூடிய இடங்கள் மிகச் சில: சுவர்ப் பக்கத்து இணைப்பு, யு.பி.எஸ்., கணினிப் பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்., சூடு எல்லை மீறினால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். இவ்வளவுதான் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

ஐதராபாத் கொண்டாப்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் என் அக்கா மகனுக்கு வந்தது இந்த மூன்றாவது வகை.

“மாமா, வேலரன்ட் எவ்வளவு நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகல. சைபர்பங்க் போட்டா கொஞ்ச நேரத்துல பொட்டுனு போயிடுது. கார்டுதான் போச்சுன்னு நினைக்கிறேன். வித்துட்டு வேற வாங்கிடட்டுமா?”

கார்டு ஆர்.டி.எக்ஸ். 3080. தவணையில் வாங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாய் வாங்கிய ஒரு பொருளை, சோதித்துப் பார்க்காமல் பழுது என்று முடிவுகட்டி நஷ்டத்துக்கு விற்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. ஐந்து பைசா செலவில்லாத சோதனைகள் பல இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டுத்தான் பணப்பையைத் திறக்க வேண்டும்.

நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி கணினியைப் பற்றியதே அல்ல. “அணையும்போது மானிட்டரோட சின்ன விளக்கு எரியுதா, அதுவும் சேர்ந்து அணையுதா?”

விளக்கு எரிந்துகொண்டு, ‘சிக்னல் இல்லை’ என்று திரையில் வந்தால் கணினி மட்டும் நின்றிருக்கிறது, காரணம் பெட்டிக்குள். விளக்கும் சேர்ந்து போனால் காரணம் பெட்டிக்கு வெளியே, இரண்டுக்கும் பொதுவான இடத்தில். யாருமே கவனிக்காத இந்தச் சின்ன விளக்கைப்போல் தெளிவாகச் சாட்சி சொல்வது வேறொன்று இல்லை. அவன் இரண்டு நாள் கவனித்துவிட்டுச் சொன்னான்: “சில தடவை சேர்ந்து போகுது மாமா, சில தடவை கம்ப்யூட்டர் மட்டும்.” அப்படியென்றால் காரணம் ஒன்றல்ல, இரண்டு.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைப் பார்த்துவிட்டுப் பலர் கலங்கிப்போவார்கள். ‘போன முறை முறைப்படி மூடப்படாமல் நின்றது’ என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்லவில்லை. குற்றவாளியின் பெயர் அதில் இல்லை. ஆனால் அதனுள்ளே ‘பக்செக் கோட்’ 0 என்று இருந்தால், நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, மின்சாரம் போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூட்டைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்ப அளவுகளைக் கோப்பில் பதியவிட்டு விளையாட வேண்டும். திரை போனாலும் கடைசி வரி கோப்பில் இருக்கும். அவனுடைய ரைசன் 5 5600எக்ஸ் பிராசசருக்கு எல்லை 95 டிகிரி. கோப்பில் கடைசி வரி எழுபதுகளில் நின்றது. கார்டும் அடக்கமாகவே இருந்தது. ஐதராபாத் கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். கொண்டாப்பூரில் எந்தத் தெருவிலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருப்பதால் கேபினெட்டின் வலையில் தூசி சீக்கிரம் அப்பிக்கொள்ளும். அதைத் துடைத்ததில் சில டிகிரி இறங்கியது, நல்லதுதான். அணைவது நிற்கவில்லை. தவிர, சூடானால் இந்தக் கருவிகள் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் இழுத்து இழுத்து ஓடும். அந்த அறிகுறி எதுவும் இல்லாமல் சட்டென்று போனால் சூட்டை விட்டுவிட்டு மின்சாரத்தின் பக்கம் திரும்புவதே சரி.

யு.பி.எஸ். பெட்டியின் மேல் 600 வி.ஏ. என்று போட்டிருந்தது. பலரும் அதை 600 வாட் என்று எண்ணிவிடுகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் இந்த அளவு யு.பி.எஸ். பெரும்பாலும் தரக்கூடியது 360 வாட். அவன் கார்டு மட்டுமே முழு வேகத்தில் 320 வாட் கேட்கும். பிராசசருக்கு 76 வரை போகலாம். மதர்போர்டு, விசிறிகள், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் நானூற்றைம்பதை ஒட்டிவிடும். வேலரன்ட் இதில் பாதியைக்கூடக் கேட்காது, அதனால்தான் அது தப்பித்தது. சைபர்பங்க் ஓடும்போது யு.பி.எஸ். ‘கீ’ என்று கத்தித்தான் இருக்கிறது. இவன் காதில் ஹெட்போன்.

யு.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகச் சொன்னேன். பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம், அதன் உள்ளே தளர்ந்த பித்தளைப் பட்டை ஒன்று போதும், கெடுக்க. அதோடு எர்த்தையும் பார்க்கச் சொன்னேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுறுசுறுவென்று இழுக்கிறதா? இழுத்தால் எர்த் இல்லை என்று பொருள், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிச் சுற்று அப்போது கேபினெட்டின் உடம்பில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தைக் காட்டும். கரன்ட் மிகக் குறைவு என்றாலும் அலட்சியம் கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அவன் வீட்டில் எர்த் நன்றாக இருந்தது.

மானிட்டர் விளக்கு சேர்ந்து அணைவது அன்றோடு நின்றது. கணினி மட்டும் அணைவது தொடர்ந்தது.

இனி எஸ்.எம்.பி.எஸ். அவனுடையது 650 வாட். மானிட்டரையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த கணக்கே 450. பிறகு ஏன் போதவில்லை? இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கார்டின் அட்டையில் இருக்கும் 320 என்பது சராசரி. வெடிப்பு, மழை, நகரத்து வெளிச்சம் எல்லாம் ஒரு காட்சியில் சேர்ந்து வரும்போது கார்டு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு நானூறைத் தாண்டிப் பாயும். மீட்டரில் தெரியாது, மென்பொருளிலும் தெரியாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காவல் சுற்று மட்டும் அதைப் பார்த்துவிட்டு, ஷார்ட் ஆகிவிட்டதோ என்று எண்ணி மொத்தத்தையும் நிறுத்திவிடும். 3080 வந்த 2020லேயே அந்தக் கார்டுக்கு 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா சொன்னதற்கு இப்படியொரு காரணம் இருக்கிறது. 2022இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, புதுவகை எஸ்.எம்.பி.எஸ்.கள் தம் அளவைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோவினாடிக்குத் தாங்க வேண்டும் என்று கேட்டது இந்தப் பாய்ச்சலுக்காகத்தான்.

ஃபர்மார்க் என்ற சோதனையை அரை மணி நேரம் ஓட்டித் தேறிவிட்டது, ஆகவே எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று கடைக்காரர் சொல்லலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சோதனை சீரான சுமையைத்தான் தருகிறது. விளையாட்டில் சுமை ஏறி இறங்கித் தாவுகிறது. அணைவது அந்தத் தாவலில்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அணைந்தபின் பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. பின்னால் இருக்கும் சுவிட்சை நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் எழுகிறது என்றால், காவல் சுற்று பூட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் நம்பலாம். அவனுடையது அப்படித்தான் நடந்துகொண்டது.

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரில் ‘பவர் லிமிட்’ கோட்டை 70 விழுக்காட்டுக்கு இழுத்துவிட்டு விளையாடச் சொன்னேன். இரவு முழுக்க அணையவில்லை. கார்டு உயிரோடு இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கார்டின் இரண்டு 8 முள் வாய்களுக்கும் ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் செருகியிருந்தார்கள். ஒரு வாய்க்கு விதிப்படி 150 வாட். இரண்டும் ஒரே கேபிளில் போனால் 300 வாட் அந்த ஒற்றை வழியாகவே ஓட வேண்டும். தனித்தனிக் கேபிள் போட்டபின், லிமிட்டை 100க்கு ஏற்றியபோதும் அணைவது வெகுவாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

கார்டே பழுதாவது இல்லையா? உண்டு. 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்டு’ சோதனை ஆட்டத்தின்போது இ.வி.ஜி.ஏ.வின் சில 3090 கார்டுகள் செத்தன. மாஸ்பெட் சுற்றில் சரியாகப் பற்றவைக்காததே காரணம், அப்படிப்பட்டவை சுமார் இரண்டு டஜன்தான் என்று நிறுவனம் விளக்கி மாற்றிக் கொடுத்தது. அந்தக் கார்டுகள் ஒரு முறை போனதும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து வருகிற கார்டை அவ்வளவு சீக்கிரம் கைவிடக் கூடாது.

அணைந்துபோவதைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திட்டுகிறோம். அணையாமல் போனதால் வந்த கேட்டைப் பாருங்கள். அதே 2021இல் கிகாபைட்டின் ஜி.பி.-பி850ஜி.எம். என்ற 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். சோதனைகளில் வெடித்தது. 1020 முதல் 1300 வாட் வரை போனபிறகே தன்னை நிறுத்திக்கொள்ளும்படி அதன் காவல் எல்லை வைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டில் நிறுவனம் அதை 950 முதல் 1050 என்று குறைத்து, குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு மாற்றித் தர முன்வந்தது. நேரத்தில் அணைகிற எஸ்.எம்.பி.எஸ். வீட்டைக் காக்கிறது.

புது எஸ்.எம்.பி.எஸ். வாங்க அவன் ஹைடெக் சிட்டியில் மெட்ரோ ஏறி, பாரடைஸில் இறங்கி, செகந்திராபாத் பார்க்லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்குப் போனான். நமக்குச் சென்னை ரிச்சி தெரு எப்படியோ, ஐதராபாத்காரர்களுக்கு இந்த சி.டி.சி. அப்படி. “கடையில ஆயிரம் வாட் எடுக்கச் சொல்றாங்க மாமா” என்று போன் செய்தான். 850 போதும், ஏ.டி.எக்ஸ். 3.0 என்று அட்டையில் இருக்கிறதா பார், உள்ளீடு 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பார் என்றேன். விலை குறைந்த சிலவற்றில் 200–240 என்றுதான் இருக்கும். வோல்டேஜ் தாழும் வீடுகளுக்கு அவை ஒத்துவராது.

மாட்டும்போது இரண்டு எச்சரிக்கை. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஆர்வத்தில் திறந்துவிட வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் 400 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் சற்று நேரம் தங்கியிருக்கலாம். பழைய கேபிள்களையும் புதியதில் செருகக் கூடாது. வாய் ஒரே மாதிரி பொருந்தும், ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முள்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் கருகிவிடும். புதுப் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடு என்று சொல்லி, பழையவற்றைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு கட்டி அட்டைப்பெட்டியில் வைக்கச் செய்தேன்.

(தொடரும்)